எல்லைக்காக வெட்டப்பட்ட ஆறு: சமிசால் தகராறு பற்றிய ஒரு நோக்கு

அயல்நாட்டுடன் பகை முற்றும்போது இடையிலுள்ள நிலத்தை அகழ்ந்து நீரைப் பாய்ச்சிவிட்டால் தொல்லை தீரும் என்னும் எண்ணம் ஆட்சியாளர் உள்ளத்தில் எழுவது புதுமையன்று. 2018ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் சவூதி அரேபியப் பத்திரிகைகள் வெளியிட்ட சல்வாக் கால்வாய்த் திட்டம் இதற்கு அண்மைக்கால உதாரணமாகும். கட்டாருடனான தரையெல்லையை ஒட்டி ஏறத்தாழ 60 கிலோமீற்றர் நீளமும் 200 மீற்றர் அகலமும் கொண்ட கால்வாயொன்றை வெட்டினால், தீபகற்பமாகிய கட்டார் தீவாகிவிடும் என்பதே அக்கற்பனை. 2017 யூன் மாதத்தில் கட்டாருடனான உறவு துண்டிக்கப்பட்டமையே அதன் பின்னணி. கால்வாய் வெட்டப்படவில்லை. 2021 ஜனவரியில் அல்-உலாவில் இணக்கம் ஏற்பட, மூடியிருந்த தரையெல்லை மீண்டும் திறக்கப்பட்டது.

சல்வாத் திட்டம் கற்பனையாகவே நின்றுவிட்டமையால், எல்லையிலே கால்வாய் வெட்டுவதால் விளைவது யாது என்னும் வினாவுக்கு அது விடை தருவதில்லை. உண்மையாகவே தகராறுக்குட்பட்ட எல்லையொன்றில், தகராறைத் தீர்க்கும் நோக்கத்துடனேயே வெட்டப்பட்ட நீர்வழி ஒன்று வட அமெரிக்காவில் உண்டு. ஐக்கிய அமெரிக்காவின் எல் பாசோ நகருக்கும் மெக்சிக்கோவின் ஹுவாரெஸ் நகருக்கும் இடையில் அமைந்துள்ள அக்கால்வாயின் வரலாற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1848ஆம் ஆண்டு குவாடலூப்பே இடால்கோ உடன்படிக்கையின்படி இரு நாடுகளுக்கும் இடைப்பட்ட எல்லையின் பெரும்பகுதி றியோ கிராண்டே ஆற்றின் வழியே வகுக்கப்பட்டது. 1852இல் இரு நாட்டு நில அளவையாளரும் எல் பாசோப் பகுதியில் ஆறு ஓடிய இடத்தைப் படத்திற் குறித்தனர். ஆனால் வரைபடத்திலே நின்ற ஆறு நிலத்திலே நிற்கவில்லை. வண்டல் நிலத்தில் ஓடும் அவ்வாறு ஆண்டுதோறும் தென்கரையை அரித்து வடகரையிலே மண்ணைச் சேர்த்தது. 1864ஆம் ஆண்டின் பெருவெள்ளமோ அதனை மேலும் தெற்கே தள்ளிவிட்டது. அவ்வேளை ஐக்கிய அமெரிக்கா உள்நாட்டுப் போரிலும், மெக்சிக்கோ பிரெஞ்சுப் படையெடுப்பிலும் சிக்குண்டிருந்தன. ஆற்றைக் கவனிக்க எவருக்கும் அவகாசம் இருக்கவில்லை. இவ்வாறாக, மெக்சிக்கோவுக்குரிய ஏறத்தாழ 600 ஏக்கர் நிலம் ஆற்றின் வடபுறத்திற் சேர்ந்தது. சமிசால் எனப்பட்ட அந்நிலத்திலே காலப்போக்கில் எல் பாசோ நகரின் வீதிகளும் வீடுகளும் எழுந்தன.

ஆறு அசைந்தால் எல்லையும் அதனுடன் அசையுமா என்பதே இங்கு எழுந்த சட்டப் பிரச்சினை. 1884ஆம் ஆண்டு உடன்படிக்கை இதற்கொரு விதி வகுத்தது. ஆறு மெல்ல மெல்லக் கரையை அரித்து நகருமாயின் எல்லையும் உடன் நகரும். திடீரெனப் பழைய படுக்கையை விட்டுப் புதிய வழியிற் பாயுமாயின் எல்லை பழைய இடத்திலேயே நிற்கும். விதி தெளிவானதே. ஆனால் சமிசாலில் ஆறு இரு வகையாலும் நகர்ந்திருந்தது. எந்தப் பங்கு மெல்ல நிகழ்ந்தது, எந்தப் பங்கு திடீரென நிகழ்ந்தது என்று பல ஆண்டுகளின் பின் எவ்வாறு அளப்பது? தன் காணியை ஆற்றுக்கப்பால் இழந்த மெக்சிக்கோ நாட்டவர் ஒருவரின் முறைப்பாடு 1895இல் எல்லை ஆணைக்குழுவின் முன் வந்தபோது, அதன் இரு ஆணையாளரும் உடன்பட முடியாது பிரிந்தனர்.

இதனிடையே 1899இல் வெள்ளத்தைத் தணிக்கும் பொருட்டு இரு அரசுகளும் ஆற்றின் வளைவொன்றை ஊடறுத்து வாய்க்கால் வெட்டின. அதன் பயனாகக் கோர்டோவா என்னும் மெக்சிக்கோ நிலத்துண்டு ஆற்றின் வடபுறத்தில் அகப்பட்டுக்கொண்டது. நீரால் சூழப்படாதிருந்தும் அது 'தீவு' என்றே வழங்கலாயிற்று. நீர் வேறு, எல்லை வேறு என்னும் நிலை இவ்வாறு மனிதர் கையாலேயே மேலும் சிக்கலாயிற்று.

1910இல் இப்பிரச்சினை நடுத்தீர்ப்புக்கு விடப்பட்டது. கனடா நாட்டுச் சட்டவறிஞர் யூஜீன் லஃப்ளோர் தலைமையில் அமைந்த மூவர் குழு 1911 யூன் 15ஆந் திகதி தீர்ப்பளித்தது. 1864 வெள்ளத்துக்கு முன்னர் ஆறு மெல்ல நகர்ந்து விட்டுச்சென்ற பகுதி ஐக்கிய அமெரிக்காவுக்கும், எஞ்சியது மெக்சிக்கோவுக்கும் உரியன என்பது அதன் சாரம். 1864இல் ஆறு ஓடிய இடத்தை இனிக் கண்டறிய இயலாது என்று கூறி ஐக்கிய அமெரிக்கா அத்தீர்ப்பை ஏற்க மறுத்தது. நடுவரைத் தானே வேண்டிய வல்லரசு, அவர் தீர்ப்புத் தனக்குப் பாதகமானபோது புறக்கணித்தமை மெக்சிக்கோவில் அரை நூற்றாண்டு ஆறாத புண்ணாயிற்று.

1962 யூன் இறுதியில் ஜனாதிபதி கென்னடி மெக்சிக்கோ நகருக்குச் சென்றபோது, 1911ஆம் ஆண்டுத் தீர்ப்பைக் கருத்திற்கொண்டு முடிவு காண அவரும் ஜனாதிபதி லோபெஸ் மத்தேயோசும் இணங்கினர். 1963 ஓகஸ்ட் 29ஆந் திகதி உடன்படிக்கை கைச்சாத்தானது. இங்கேதான் கால்வாய் வருகின்றது. நிலத்தைப் பிரித்தால் மட்டும் போதாது; பிரிவினைக்கு ஏற்ப ஆற்றையே இடம் மாற்றுவது என முடிவாயிற்று. ஏறத்தாழ 630 ஏக்கர் நிலம் மெக்சிக்கோவின் வசமாகவும், கோர்டோவாவின் வடபாதியான 193 ஏக்கர் ஐக்கிய அமெரிக்காவுக்குச் சேரவும், புதிய ஆற்றின் நடுக்கோடே எல்லையாகவும் ஏற்பாடு செய்யப்பட்டது. நான்கு மைலுக்குச் சற்று அதிகமான நீளத்தில் கொங்கிறீற்று பூசிய கால்வாய் வெட்டப்பட்டது. அதன் செலவை இரு நாடுகளும் சமமாகப் பகிர்ந்தன. 1968 டிசெம்பர் 13ஆந் திகதி ஜனாதிபதிகள் ஜோன்சனும் டியாஸ் ஓர்டாசும் முன்னிலையில் றியோ கிராண்டே புதிய வழிக்குத் திருப்பப்பட்டது. மண்ணில் அலைந்த ஆறு இனி அலையாதவாறு கட்டுண்டது.

இவ்வரலாற்றிலிருந்து பெறப்படும் உண்மை யாது? கால்வாய் தகராறைத் தீர்த்தது என்று மேலோட்டமாகக் கூறிவிடலாம். ஆனால் காலவரிசையை நோக்குமிடத்து, இணக்கம் 1963இல் ஏற்பட்டது; ஆறு திரும்பியது 1968இல். ஒரு தரப்பு தன் பிழையை மறைமுகமாகவேனும் ஒப்புக்கொண்டு நிலத்தைக் கொடுக்க முன்வந்த பின்னரே மண்வெட்டி எடுக்கப்பட்டது. இணக்கமின்றி வெட்டப்பட்டிருப்பின் அதே கால்வாய் அதே இடத்தில் மற்றுமொரு தகராறையே பெற்றிருக்கும். 1899இன் சிறு வாய்க்கால் இரு அரசும் சேர்ந்து வெட்டியதே. எனினும் நிலம் யாருக்கு என்பதைப் பேசித் தீர்க்காது வெட்டியமையாற் புதிய சிக்கலையே விளைத்தது. சல்வாக் கற்பனைக்கும் சமிசாலுக்கும் உள்ள வேறுபாடும் இதுவே. முன்னையது ஒருவர் மற்றவரைத் துண்டிக்க எண்ணியது. பின்னையது இருவரும் கணக்கைத் தீர்த்துக்கொண்டு செய்தது.

எனினும் இதனை வெற்றிக் கதையாக மட்டும் எழுதி முடிப்பது வரலாற்றுக்கு நேர்மையாகாது. புதிய கால்வாய்க்கும் நிலமாற்றத்துக்குமாக எல் பாசோவின் தென்பகுதியில் 5,000க்கு மேற்பட்ட மக்கள் தம் வீடுகளை விட்டுப் பெயர்ந்தனர். அவர்களுட் பலர் மெக்சிக்கோ வழிவந்தோர். இழப்பீடு வழங்கப்பட்டது உண்மையே. ஆயினும் உடன்படிக்கையின் தரப்பினர் இரு அரசுகளேயன்றி, வாசலையும் அயலையும் இழந்த அம்மக்கள் அல்லர். தேசத்துக்கு நீதி கிடைத்த அதே நாளில், அந்நீதியின் விலையைச் செலுத்தியோர் தகராறை உண்டாக்கியோர் அல்லர் என்பதை நாம் மறத்தலாகாது.

இன்று கால்வாயின் இருபுறத்திலும் சமிசால் என்னும் பெயரிலேயே பூங்காக்கள் உள்ளன. மேலே அணைகளும் பாசன வாய்க்கால்களும் நீரைப் பங்கிட்டு எடுத்துக்கொள்வதால், ஆற்றுக்கென வெட்டப்பட்ட அப்படுக்கை ஆண்டின் பெரும்பகுதி வறண்டே கிடக்கின்றது. எல்லையைக் காப்பது நீரன்று. நீருக்கு முன்னர் எழுதப்பட்ட ஒப்பந்தமே என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. எல்லையிலே பெருங்கால்வாய் வெட்ட எண்ணுவோர் எவராயினும், அதன் அகலத்தையும் ஆழத்தையும் கணிக்குமுன் இரண்டு வினாக்களுக்கு விடை கூறக் கடமைப்பட்டவராவர்: அக்கரையில் இருப்பவன் இதற்கு உடன்பட்டானா? இக்கரையில் இருப்பவன் எங்கே போவான்?