பாக்சிங் டே

டிசம்பர் 26-ஐக் குறிக்கும் பாக்சிங் டே என்னும் ஆங்கிலப் பெயருக்கும் குத்துச்சண்டைக்கும் தொடர்பில்லை. ஆங்கிலம் நன்கு கற்றவர்களும் இங்கே தடுமாறுவதுண்டு. இதிலுள்ள 'பாக்ஸ்' உண்டியலைக் குறிக்கும். 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் தொழில் பழகும் இளைஞர்கள் கிறிஸ்துமஸ் காசை மண் உண்டியலில் சேர்த்து, பின் அதை உடைத்துப் பங்கிட்டுக்கொண்டனர். நாளடைவில் உண்டியலின் பெயர் காசுக்கும் ஆகிவந்தது. தமிழ் இலக்கணம் இதை ஆகுபெயர் என்னும். பின்னர் வேலையாட்களும் அஞ்சல்காரர்களும் பண்டிகைக்கு மறுநாள் இக்காசைப் பெறுவது வழக்கமாயிற்று. 1871-ஆம் ஆண்டின் வங்கி விடுமுறைச் சட்டம் இங்கிலாந்தில் இந்நாளை விடுமுறையாக்கியது. ஸ்காட்லாந்து அப்போது சேரவில்லை.

உண்டியல் மறைந்தாலும் பெயர் நிலைத்தது. தமிழர் பலர் இதை மெல்போர்ன் டெஸ்ட் போட்டியால் அறிவர். 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலையையும் பிரித்தானிய இதழ்கள் இந்நாளின் பெயராலேயே குறிக்கின்றன. அதைக் 'குத்துச்சண்டை நாள் சுனாமி' என்று பெயர்த்தால், நாகப்பட்டினத்திலோ முல்லைத்தீவிலோ உறவுகளை இழந்தவருக்கு அது எதுவும் சொல்லாது. 'டிசம்பர் 26' என்றால் போதும்.