ஆராச்சாருக்கும் ஒரு ஜெபம்

பாறசாலைக்காரன் என்றால் இங்கே வளைகுடாவில் மலையாளிகள் "அப்போ தமிழனா?" என்பார்கள்; தமிழர்கள் "அப்போ மலையாளியா?" என்பார்கள். 1956 நவம்பர் 1-ல் விளவங்கோடு சென்னை மாநிலத்துக்குப் போனது, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. கோடு விழுந்தாலும் கதைகள் பிரியவில்லை. பகைவனை மன்னிப்பது பற்றிய இந்தக் கதையும் கோட்டின் இருபுறமும் கிடக்கிறது.

நெய்யாற்றின்கரை கிருஷ்ணன் கோயிலில் அம்மச்சிப் பிலாவு பார்த்திருப்பீர்கள். எட்டுவீட்டில் பிள்ளைமார் துரத்தியபோது இளவரசர் மார்த்தாண்ட வர்மா ஒளிந்த பலாமரம் என்பார்கள். அரியணை ஏறியதும் அவர் அந்தப் பிள்ளைமாரை மன்னிக்கவில்லை, கொன்றார். ஆனால் 1741-ல் குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுக் கம்பெனியின் டிலனாயை உயிரோடு விட்டார். டிலனாய் திருவிதாங்கூர் படைக்கு ஐரோப்பிய முறையில் பயிற்சி கொடுத்து, வலிய கப்பித்தானாகி, 1777-ல் இறந்து, உதயகிரிக் கோட்டையில் அடங்கினார்.

பேங்க்காரன் கண்ணுக்கு இது ஒன் டைம் செட்டில்மென்ட். வராக்கடனில் கொஞ்சத்தை விட்டுக்கொடுத்தால் மீதி கைக்கு வரும் என்று கணக்குப் போட்டுத்தான் தள்ளுபடி செய்கிறோம். நல்ல காரியம்தான். ஆனால் அதற்குப் பெயர் மன்னிப்பு அல்ல.

அந்த டிலனாய் மூலம் கிறிஸ்துவை அறிந்தவர் நட்டாலம் நீலகண்ட பிள்ளை. 1712-ல் பிறந்தவர், அரசு அதிகாரி. 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1749-ல் கைது. எருமை மேல் ஏற்றி ஊர் ஊராக அடித்துக்கொண்டு போனார்கள். 1752 ஜனவரி 14-ல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். தண்டனைக்கான காரணம் பற்றி வரலாற்றாசிரியர்களிடையே விவாதம் உண்டு. 2022 மே 15-ல் ரோமில் புனிதர் பட்டம் கிடைத்தது.

எனக்குப் பெரிதாகப் படுவது எங்கள் பக்கத்துப் பாட்டிமார் சொல்லும் ஒரு சின்னச் சம்பவம். பெருவிளையில் காவலில் இருந்தபோது, பிள்ளையில்லாமல் வருந்திய ஆராச்சாருக்காக அவர் ஜெபித்தாராம், பிள்ளையும் பிறந்ததாம். மரபுக்கதைதான். ஆனால் ஜனங்கள் எதை நினைவில் வைத்தார்கள் பாருங்கள்! கொலைத்தொழில் செய்பவன் வீட்டில் தொட்டில் ஆடவேண்டும் என்று கைதி கேட்கிறார். அவருக்கு அதில் ஒரு பைசா வரவு கிடையாது.

பரமண்டல ஜெபத்தின் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் 'கடன்' என்றே இருக்கிறது. வசூலாகும் கடனைப் பற்றியா அங்கே பேச்சு?

நம்மில் எத்தனை பேர் முப்பது நாள் லீவில் ஊருக்குப் போய், அரை சென்ட் கய்யாலைத் தகராறுக்காக வக்கீல் வீட்டு வாசலில் நிற்கிறோம்! அண்ணன் தம்பி பேச்சில்லை. பிள்ளைகளுக்குப் பெரியப்பா முகமே தெரியாது. "அவன் முதலில் வரட்டும்" என்கிறோம். அதுவும் செட்டில்மென்ட் பேச்சுத்தான்.

அடுத்த லீவில் பிள்ளைகளைத் தக்கலை தாண்டிப் புலியூர்க்குறிச்சிக்குக் கூட்டிப் போங்கள். டிலனாய் கல்லறை உள்ள கோட்டையும், தேவசகாயம் தாகத்தோடு முழங்கையால் இடித்துத் தண்ணீர் வந்ததாகச் சொல்லும் முட்டிடிச்சான் பாறையும் அங்கே பக்கம் பக்கம். இரண்டு கதையையும் சொல்லுங்கள். திரும்பும் வழியில் அந்தப் பெரியப்பா வீட்டிலும் வண்டியை நிறுத்துங்கள்.