காரணம் வேறு, கண்காணிப்பு வேறு: இதய நோயும் பல் மருத்துவரும்

ஈறு நோய் மாரடைப்பை வரவழைக்குமா? பல்லுக்கும் இதயத்துக்கும் உள்ள உறவைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இந்தக் கேள்வியிலேயே போய் முடங்கிவிடுகிறது. கேள்வி முக்கியமானதுதான். ஆனால் அதற்கு விடை கிடைத்த பிறகுதான் பல் மருத்துவர் இதயத்தைப் பற்றி யோசிக்க வேண்டும் என்ற எண்ணம் பிழையானது என்பதே இக்கட்டுரையின் வாதம். இரண்டுக்கும் எள்ளளவும் தொடர்பில்லை என்று நாளையே நிறுவப்பட்டாலும், இதய நோயுள்ளவர்கள் பல் மருத்துவர் முன் வாயைத் திறந்து அமரத்தான் போகிறார்கள். கண்ணெதிரே தெரியும் அறிகுறியைக் கண்டுகொள்ளும் கடமை, நோயின் காரணம் எது என்ற ஆராய்ச்சி முடிவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

காரணத் தேடலின் வரலாறே நம்மை நிதானிக்கச் சொல்கிறது. 1910இல் மான்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் உரையாற்றிய மருத்துவர் வில்லியம் ஹண்டர், வாயில் தேங்கும் சீழே உடலின் பல நோய்களுக்கு ஊற்று என்றார். அதையொட்டி வளர்ந்த கோட்பாட்டின் பெயரால் அடுத்த சில பத்தாண்டுகளில் மூட்டு வலிக்கும், மனநோய்க்கும்கூட, நல்ல பற்கள் பிடுங்கப்பட்டன. கோட்பாடு மதிப்பிழந்தது, போன பற்கள் திரும்பவில்லை. 1989இல் பின்லாந்தில் மட்டிலா குழுவினர், மாரடைப்பு வந்த 100 பேரின் பற்களை மற்றவர்களின் பற்களோடு ஒப்பிட்டு, முன்னவர்களின் வாய்நலம் மோசமாக இருப்பதைக் காட்டியபோது பழைய கேள்வி புது வடிவில் உயிர்பெற்றது. ஈறுகளுக்குத் தீவிர சிகிச்சை அளித்தால் ஆறு மாதத்தில் ரத்தக்குழாய்ச் சுவரின் செயல்பாடு மேம்படுகிறது என்று 2007இல் வெளியான ஓர் ஆய்வு சொன்னது. ரத்தக்குழாய் மேம்படுவதும் மாரடைப்பு தவிர்வதும் ஒன்றல்ல. அமெரிக்க இதயச் சங்கம் 2012இல் சான்றுகளைத் தொகுத்துப் பார்த்தது: புகை, நீரிழிவு போன்ற பொதுக் காரணிகளைக் கழித்த பிறகும் இரண்டுக்கும் தொடர்பு தென்படுகிறது, ஆனால் ஒன்றுதான் மற்றதற்குக் காரணம் என்றோ, ஈறு சிகிச்சை இதயத்தைக் காக்கும் என்றோ சொல்ல ஆதாரம் போதாது. 'பல் விளக்கினால் மாரடைப்பு வராது' என்ற வகை விளம்பரங்களுக்கு இதில் இடமில்லை.

இனி, சான்று உறுதியாக உள்ள பக்கத்துக்கு வருவோம்.

முதலில் வலி. இதயத்துக்கு ரத்த ஓட்டம் குறையும்போது எழும் வலி இடது கையில் மட்டும்தான் இறங்கும் என்பது பொது நம்பிக்கை. உருகுவேயின் மார்செலோ கிரெய்னரும் உடனாய்வாளர்களும் 2007இல் வெளியிட்ட ஆய்வு இங்கே திரும்பத் திரும்பப் படிக்கத் தக்கது. இதய ரத்த ஓட்டக் குறைவு உறுதிசெய்யப்பட்ட 186 பேரில் 11 பேருக்கு, அதாவது 6 விழுக்காட்டினருக்கு, முகம், தாடை, தொண்டைப் பகுதி வலி ஒன்றே அறிகுறியாக இருந்தது. நெஞ்சு வலியே இல்லை. அந்த 11 பேரில் மூவருக்கு நடந்துகொண்டிருந்தது மாரடைப்பு. இன்னும் 32 விழுக்காட்டினருக்கு வேறு இடங்களில் வலியோடு முகவலியும் சேர்ந்திருந்தது. பெண்களிடம் இவ்வகை வலி கூடுதலாகக் காணப்பட்டது.

இந்த எண்களை ஒரு பல் மருத்துவமனையில் வைத்துப் பார்க்க வேண்டும். தாடை வலிக்கிறது என்று வரும் ஐம்பது வயதுப் பெண் இதய மருத்துவரைத் தேடிப் போவதில்லை. பல்லைக் காட்டத்தான் வருகிறார். எக்ஸ்ரேயில் ஏதாவது ஒரு சொத்தை தென்படும். நம் ஊரில் அந்த வயதில் சொத்தையே இல்லாத வாய் அரிது. சிக்கலும் அங்கேதான்: கண்ணில் பட்ட சொத்தையைக் குற்றவாளியாக்கி வேர் சிகிச்சை தொடங்கிவிடலாம். பிரித்தறிய வழி உண்டு. பல்வலி குடைச்சலாக, துடிப்பாக இருக்கும். இதய வலியை நோயாளிகள் அழுத்தம், எரிச்சல் என்றே பெரும்பாலும் சொல்கிறார்கள். மாடிப்படி ஏறும்போது வந்து, உட்கார்ந்தால் தணிகிற தாடை வலிக்குப் பல் காரணமாக இருப்பது அபூர்வம். இரு பக்கமும் பரவும் வலி, தட்டிப் பார்த்தால் எந்தப் பல்லும் வலிக்காத நிலை, மரப்பு ஊசி போட்டும் மாறாத வலி ஆகியவை கருவியைக் கீழே வைக்கச் சொல்லும் அடையாளங்கள். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: 'நடந்தா வலி கூடுதாம்மா?' அதைக் கேட்க அரை நிமிடம் ஆகாது.

அடுத்தது ரத்த அழுத்தம். தமிழ்நாட்டில் 2020இல் நடந்த, தொற்றா நோய்களைப் பற்றிய ஸ்டெப்ஸ் கணக்கெடுப்பின்படி, உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3 விழுக்காட்டினருக்கு மட்டுமே அது கட்டுக்குள் இருந்தது. வீடு வீடாகச் சென்று அளக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021இல் தொடங்கியதற்கு இந்த இடைவெளியே நியாயம். அளக்க ஆள் வரும் நேரத்தில் வேலைக்குப் போய்விடும் நடுவயது ஆண், பல்வலி தாங்காமல் ஒருநாள் தானாகவே நாற்காலியில் வந்து உட்காருகிறார். அவரைத் தேடிப் போக வேண்டியதே இல்லை. ஸ்வீடனில் ஜோன்டெலும் கிளிக்கும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், பல் மருத்துவமனைக்கு வந்த, 45 வயதைத் தாண்டிய 200 பேரின் இதய ஆபத்து கணக்கிடப்பட்டது. 12 பேருக்கு, அனைவரும் ஆண்கள், அடுத்த பத்தாண்டில் இதய நோயால் இறக்கும் ஆபத்து 10 விழுக்காடு அல்லது அதற்கும் மேல் இருந்தது.

பயத்தில் ஏறும் அழுத்தத்தை நோய் என்று சொல்லிவிட மாட்டோமா என்பது நியாயமான மறுப்பு. ஊசியைக் கண்டதும் பலருக்கு அழுத்தம் ஏறுவது உண்மை. ஆகவேதான் ஊசிக்கு முன்பே, ஐந்து நிமிடம் அமரவைத்து, மறுபடியும் அளக்க வேண்டும். ஒரே அளவை வைத்து 'உங்களுக்கு பி.பி. இருக்கு' என்று சொல்லக் கூடாது. மேலும் அழுத்தத்தை அளப்பது பல் மருத்துவரின் சொந்தப் பாதுகாப்பும்கூட. நம் நாட்டில் வழக்கமாகப் பயன்படும் 1:80,000 அட்ரினலின் கலந்த லிக்னோகெய்ன் மரப்பு மருந்தில் ஒரு மில்லியில் 12.5 மைக்ரோகிராம் அட்ரினலின் உள்ளது. இதய நோயாளிக்குப் பரவலாக ஏற்கப்பட்ட வரம்பு 40 மைக்ரோகிராம், 3.2 மில்லியிலேயே அது எட்டிவிடும். மேலும் கீழுமாக இரண்டு பற்களை எடுக்கப் போகிறவர் இக்கணக்கைப் போடாமல் இருக்க முடியாது. அழுத்தத்தை அளக்காமல் இக்கணக்குக்கும் பொருளில்லை. 180/110க்கு மேல் போனால் அவசரமில்லாத சிகிச்சையைத் தள்ளிவைப்பதே நடைமுறை.

வாய்க்குள்ளேயே எழுதிவைத்தாற்போல் சில அடையாளங்களும் உண்டு. அம்லோடிபின், நிஃபெடிபின் மாத்திரைகளால் ஈறு தடித்துப் பல்லை மூடுவதைப் பார்த்து, நோயாளி சொல்ல மறந்த அழுத்த நோயைக் கண்டுபிடிக்கலாம். உயர்ந்து குறுகிய அண்ணம், நெருக்கியடித்த பற்கள், நெடிய உடல்வாகு மூன்றும் சேர்ந்தால் மார்ஃபான் நோய்க்குறியை நினைக்க வேண்டும். அங்கே ஆபத்து பெருந்தமனியில். ஓரங்களில் பல் பதிந்து பருத்த நாக்கு, இதயத்தையும் பற்றக்கூடிய அமிலாய்டு நோயின் தடயமாக இருக்கலாம். பெருந்தமனி வால்வு கடுமையாகக் கசியும்போது உள்நாக்கு நாடித் துடிப்போடு சேர்ந்து துடிக்கும். பாடநூலில் படித்த எல்லோரும் நேரில் கண்டிருக்க மாட்டார்கள். காது மடலில் விழும் குறுக்குக் கோட்டைப் பற்றியும் 1973 முதல் பேச்சு உண்டு. அதை நான் பெரிதாக நம்புவதில்லை.

எக்ஸ்ரே விஷயத்தில்தான் எச்சரிக்கை கூடுதலாகத் தேவை. முழுத் தாடையையும் காட்டும் ஓ.பி.ஜி. படத்தில், தாடைக் கோணத்துக்குக் கீழே பின்புறமாக, கழுத்தின் மூன்றாம் நான்காம் முள்ளெலும்பு மட்டத்தில், கரோட்டிட் தமனியின் சுண்ணாம்புப் படிவு சில வேளை தெரியும். ஃப்ரீட்லாண்டரும் லாண்டேயும் 1981இல் இதைச் சுட்டிக்காட்டினார்கள். நாவடி எலும்பையும் சுண்ணாம்பேறிய நிணநீர்க் கட்டியையும் அதுவென்று மயங்கலாம். படிவு உண்மையாகவே இருந்தாலும் அடுத்த அடி எது? அறிகுறியற்றவர்களைக் கரோட்டிட் அடைப்புக்காகச் சல்லடை போட வேண்டாம் என்று அமெரிக்க நோய்த்தடுப்புப் பணிக்குழு 2021இல் மறுபடியும் பரிந்துரைத்தது; தேவையற்ற அறுவை நன்மையைவிடத் தீமை செய்யும் என்பதே காரணம். ஆகவே அந்த வெண்புள்ளி நோயாளியை அறுவை மேசைக்கு அனுப்புவதற்கான சீட்டாகாது. கொழுப்பு, சர்க்கரை, அழுத்தம், புகைப்பழக்கம் ஆகியவற்றை ஒரு பொது மருத்துவர் சரிபார்க்க அது போதுமான காரணம். தேடிப் படம் எடுப்பதும் வேண்டாம். எடுத்த படத்தைப் பல்லோடு நிறுத்திப் பார்ப்பதும் வேண்டாம்.

பல் மருத்துவருக்கு இதற்கான படிப்பு இல்லை என்பார்கள். பி.டி.எஸ். மூன்றாமாண்டில் பொது மருத்துவம் ஒரு பாடம். அழுத்தமும் நாடியும் பார்க்கக் கற்றுத்தான் வெளியே வருகிறார்கள். குறை படிப்பைவிட, கண்டதை யாரிடம் எப்படிச் சேர்ப்பது என்ற வழியில்தான் இருக்கிறது. இதய வால்வு மாற்றும் அறுவைக்கு முன் நோயாளியைப் பல் மருத்துவரிடம் அனுப்பி, வாயில் தொற்றில்லை என்று எழுதி வாங்கும் வழக்கம் மருத்துவமனைகளில் உண்டு. சீட்டு வரும், பதில் போகும், கோப்பில் சேரும். எதிர்த்திசையில் அப்படியொன்று பெரும்பாலும் இல்லை. 'ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டிடுங்க' என்ற வாய்மொழியோடு நோயாளி வாசலைத் தாண்டுகிறார். பல்வலி தீர்ந்ததும் அந்தச் சொல்லும் மறந்துபோகிறது. இரு ரத்த அழுத்த அளவுகளும் அளந்த நேரமும், வலி எப்போது கூடுகிறது என்ற ஒரு வரியும், சாப்பிடும் மாத்திரைகளின் பெயரும், பதிலுக்கு ஒரு தொலைபேசி எண்ணும் கொண்ட அரைப்பக்கத் தாள் இந்தத் திசைக்கும் வேண்டும். அரசு மருத்துவமனையில் பல் பிரிவும் பொது மருத்துவப் பிரிவும் ஒரே வளாகத்தில் இருப்பதால் முதலில் அங்கே தொடங்கலாம். தனியார் பல் மருத்துவமனைகளில் அந்தத் தாளுக்குப் பதில் எழுதும் பொறுப்பு யாருடையது என்பதைத்தான் முதலில் பேசித் தீர்க்க வேண்டும்.