சமூக அறிவியலில் பாட ஒருங்கிணைப்பு: அந்தமான் நிக்கோபார் தீவுகள்

வரலாறு, புவியியல், குடிமையியல், பொருளியல் ஆகியவற்றை உள்ளடக்கிய சமூக அறிவியலைக் கணிதம், அறிவியல், மொழி, கலை போன்ற பிற பாடங்களோடு இணைத்துக் கற்பிக்கும் முறையே பாட ஒருங்கிணைப்பு. சமூக அறிவியலின் உட்பிரிவுகளைத் தம்முள் இணைப்பது இதன் முதல் நிலை. சமூக அறிவியலின் ஒரு கேள்விக்கு விடை தேடி வேறொரு பாடத்தின் கருவியைக் கையில் எடுப்பது அடுத்த நிலை. இரண்டுக்கும் அந்தமான் நிக்கோபார் தீவுகள் இந்தியாவிலேயே மிக நல்ல களம். 8,249 சதுர கிலோமீட்டர் பரப்பும் 2011 கணக்கெடுப்பின்படி 3,80,581 மக்களும் கொண்ட இந்த ஒன்றியப் பகுதியில் நிலநடுக்கம், காடு, தண்டனைக் குடியேற்றம், அகதிகள், பழங்குடியினர், பல மொழிகள் என எதைத் தொட்டாலும் அது ஒரே பாடத்துக்குள் அடங்குவதில்லை.

பின்னணி

‘சமூகக் கல்வி’ என்ற பெயரில் பல துறைகளைச் சேர்த்துப் பள்ளியில் கற்பிக்கும் எண்ணம் 1916ஆம் ஆண்டு அமெரிக்கக் கல்விக் குழு ஒன்றின் அறிக்கைக்குப் பின் பரவியது. இந்தியாவில் அதற்கு வேறொரு வேரும் உண்டு. 1937இல் வார்தாவில் காந்தியடிகள் முன்வைத்து, ஜாகிர் உசேன் குழு வடிவம் கொடுத்த ஆதாரக் கல்வித் திட்டம், கைத்தொழில், இயற்கைச் சூழல், சமூகச் சூழல் ஆகிய மூன்றோடும் எல்லாப் பாடங்களையும் தொடர்புபடுத்தச் சொன்னது. நூற்கும் பிள்ளை நூலின் நீளத்தில் கணக்கையும், பருத்தி வந்த வழியில் புவியியலையும், துணி வணிகத்தில் வரலாற்றையும் படிக்கும். விடுதலைக்குப் பின் ஆ. லட்சுமணசாமி முதலியார் தலைமையிலான இடைநிலைக் கல்விக் குழு (1952–53), சமூகக் கல்வியைத் துண்டு துண்டாக்காமல் ஒரே முழுமையாக நடத்தவேண்டும் என்று பரிந்துரைத்தது.

2023இல் வெளியான பள்ளிக் கல்விக்கான தேசியக் கலைத்திட்டச் சட்டகமும் இந்த வழியிலேயே செல்கிறது. அதன்படி 3 முதல் 5ஆம் வகுப்பு வரை அறிவியலும் சமூக அறிவியலும் ஒரே பாடமாக வருகின்றன. முன்பு மூன்று நூல்களாக இருந்த 6ஆம் வகுப்புச் சமூக அறிவியல் 2024இல் ஒரே நூலாயிற்று. தீவுகளின் அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்தைப் பின்பற்றுவதால் இந்த மாற்றங்கள் அங்கும் நடைமுறைக்கு வருகின்றன.

2004: ஒரு பாடத்துக்குள் அடங்காத நாள்

2004 டிசம்பர் 26 காலை இந்திய நேரம் 6.29க்குச் சுமத்ராவுக்கு அருகே ஏற்பட்ட நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் தீவுகளின் வரைபடத்தையே மாற்றிவிட்டன. கிரேட் நிக்கோபாரின் தென்முனையான இந்திரா முனையில் நிலம் சுமார் 4 மீட்டர் தாழ்ந்து, கரையில் நின்ற கலங்கரை விளக்கத்தின் அடிப்பகுதி கடலுக்குள் போயிற்று. வடக்கு அந்தமானில் இதற்கு நேர்மாறாகத் தரை உயர்ந்து பவளப் பாறைகள் வெளியே தெரிந்தன. இதை நடத்தும் ஆசிரியர் புவியியலோடு நிறுத்திக்கொண்டால் பாடம் பாதியில் நின்றுவிடும்.

அறிவியலின் பங்கு அலையின் வேகத்தில் இருக்கிறது. ஆழிப்பேரலையின் வேகம் கடலின் ஆழத்தைப் பொறுத்தது. ஆழத்தை மீட்டரில் எடுத்து, புவியீர்ப்பு முடுக்கத்தால் பெருக்கி, வர்க்கமூலம் கண்டால் ஒரு நொடிக்கு எத்தனை மீட்டர் என்பது கிடைக்கும். 4,000 மீட்டர் ஆழத்தில் அது மணிக்கு ஏறத்தாழ 710 கிலோமீட்டர், விமான வேகத்துக்கு அருகில். 10 மீட்டர் ஆழத்தில் மணிக்கு 36 கிலோமீட்டர்தான். கரையை நெருங்கும்போது அலை மெதுவாகி உயர்வது ஏன் என்பதையும், அதைக் கண்ணால் கண்ட பிறகு ஓடித் தப்புவது ஏன் அரிது என்பதையும் 9ஆம் வகுப்பு மாணவரே கணக்கிட்டுச் சொல்லமுடியும். அலை சென்னைக் கரையை எட்டச் சுமார் இரண்டரை மணி நேரம் ஆனது. அத்தனை நேரம் இருந்தும் எச்சரிக்கை ஏன் வரவில்லை என்பது குடிமையியல் கேள்வி. ஐதராபாத்தில் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் 2007இல் அமைந்தது அதன் தொடர்ச்சி.

தெற்கு அந்தமானின் சிப்பிகாட் பகுதி இந்தப் பாடத்துக்கு நேரில் காட்டக்கூடிய இடம். அங்கே தரை தாழ்ந்ததால் வயல்களில் கடல்நீர் புகுந்து நிலைத்துவிட்டது. நெல் விளைந்த நிலத்தில் ஓதம் ஏறி இறங்குகிறது. ஓதம் ஏறும் நேரத்தைக் குறித்து அட்டவணை போடுவது கணிதம். உப்புநீரில் எந்தச் செடி பிழைக்கும், எது பட்டுப்போகும் என்று பார்ப்பது அறிவியல். நிலம் இழந்த உழவருக்கு இழப்பீடு எப்படிக் கணக்கிடப்பட்டது, கடலடியில் போன நிலத்தின் பட்டா யாருக்குச் சொந்தம் என்பவை பொருளியலும் குடிமையியலும். அங்கு உழுத பெரியவர் ஒருவரைக் கேட்டு எழுதி வருவது மொழிப் பாடம். ஒரு வயலைச் சுற்றி ஒரு மாதம் வகுப்பு நடத்தலாம்.

புவியியல் வகுப்பு உயிர் காத்ததற்கு உலகறிந்த சான்றும் அதே நாளில் உண்டு. தாய்லாந்தின் புக்கெட் கடற்கரையில் விடுமுறைக்கு வந்திருந்த பத்து வயது பிரிட்டிஷ் சிறுமி டில்லி ஸ்மித், இரண்டு வாரத்துக்கு முன் வகுப்பில் படித்த அறிகுறிகளைக் கடலில் கண்டு சொன்னதால் கரையிலிருந்தவர்கள் தப்பினர். லிட்டில் அந்தமானின் ஓங்கே மக்களோ பாடப்புத்தகம் எதுவும் இல்லாமலே, கடல் பின்வாங்கியதும் மேட்டுக்குப் போய் உயிர்ச்சேதமின்றித் தப்பினர். இந்த இரண்டு நிகழ்ச்சிகளையும் ஒரே பாடவேளையில் அருகருகே வைப்பது நல்லது. பள்ளி தரும் அறிவு ஒன்று, மரபு தரும் அறிவு மற்றொன்று, இரண்டும் அறிவுதான் என்பதை மாணவர் அப்போது தாமே காண்பர்.

சி.பி.எஸ்.இ. 2003இல் 8ஆம் வகுப்புச் சமூக அறிவியலில் பேரிடர் மேலாண்மையைச் சேர்த்து, அடுத்தடுத்த ஆண்டுகளில் 9, 10ஆம் வகுப்புகளுக்கும் விரித்தது. 9ஆம் வகுப்பில் பேரிடர் மேலாண்மை குறித்த செயல்திட்டம் கட்டாயம். தீவுகளில் இதை இணையத்திலிருந்து படம் எடுத்து ஒட்டும் வேலையாக விடுவது பெரும் வீண். பிள்ளைகளின் வீடுகளிலேயே சான்றுகள் இருக்கின்றன.

சிறைச்சாலையை அளப்பது

செல்லுலார் சிறை 1896 முதல் 1906 வரை கட்டப்பட்டது. நடுவில் கோபுரம், அதிலிருந்து ஏழு கிளைகள், மூன்று தளங்கள், 690க்கும் மேற்பட்ட தனி அறைகள். இன்று நிற்பவை மூன்று கிளைகளே. 1979இல் அது தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது.

ஓர் அறையின் நீளம் சுமார் 13½ அடி, அகலம் 7 அடி. அதை வகுப்பறைத் தரையில் சாக்பீஸால் வரைந்து, ஒவ்வொருவராக உள்ளே நின்று பார்த்தால் 94½ சதுர அடி என்ற விடைக்குப் பொருள் விளங்கும். ஒரு கிளையின் அறைகள் அடுத்த கிளையின் முதுகைப் பார்த்தபடி கட்டப்பட்டதால் கைதி இன்னொரு கைதியின் முகத்தைக் காணமுடியாது. நடுக் கோபுரத்தில் நிற்கும் ஒரு காவலர் எல்லாக் கிளைகளையும் கண்காணிக்கலாம். ஆரமும் கோணமும் அதிகாரத்தின் கருவியாவதை வடிவியலும் குடிமையியலும் சேர்ந்தால்தான் விளக்கமுடியும். செக்கிழுத்த கைதிக்கு நாளொன்றுக்கு 30 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 13.6 கிலோ தேங்காய் எண்ணெய் அளவு விதிக்கப்பட்டிருந்தது. ஒரு கிலோ எண்ணெய்க்கு எத்தனை காய் வேண்டும் என்று ஊரிலுள்ள எண்ணெய்க் கடையில் கேட்டு வந்து அந்த 13.6ஐப் பெருக்கிப் பார்க்கும் பிள்ளை அந்தத் தண்டனையை மறக்காது. 1933 உண்ணாநிலைப் போராட்டத்தில் மகாவீர் சிங், மோகன் கிஷோர் நாமதாஸ், மோகித் மைத்ரா ஆகிய மூவர் உயிர்துறந்தனர். வலுக்கட்டாயமாக உணவு செலுத்துவது உடலை என்ன செய்யும் என்பதை அறிவியல் ஆசிரியர் வந்து சொல்லட்டும்.

மக்கள்தொகைக் கணக்கும் குடும்பக் கதையும்

தீவுகளின் மக்கள்தொகை 1941இல் 33,768. 1951இல் 30,971. 1961இல் 63,548. 1971இல் 1,15,133. இந்த நான்கு எண்களை வரைகட்டத் தாளில் குறித்தால் முதலில் ஒரு சரிவும் பிறகு ஒரு செங்குத்தான ஏற்றமும் தெரியும். சரிவுக்கு விடை தேடினால் 1942 மார்ச் முதல் 1945 வரை நீடித்த ஜப்பானிய ஆக்கிரமிப்பு வரும். ஏற்றத்துக்கு விடை தேடினால் கிழக்கு வங்காள அகதிகளின் குடியேற்றமும், அதன்பின் பெருநிலத்திலிருந்து வேலை தேடி வந்தவர்களும் வருவர். நிக்கோபார் மாவட்டத்தில் 2001இல் 42,068 பேர், 2011இல் 36,842 பேர். 12.42 விழுக்காடு குறைவு. சதவீதக் கணக்குக்கு இதைவிடக் கனமான எடுத்துக்காட்டு இந்தியப் பள்ளிகளில் அரிது. அந்த 5,226 பேர் வேறுபாட்டுக்குப் பின்னால் ஆழிப்பேரலை இருப்பதால், கணித ஆசிரியர் இதை வெறும் எண்ணாகக் கடந்துபோகக் கூடாது.

ஊர்ப்பெயர்களும் சான்றாகும். மலபாரின் 1921 மாப்பிளைக் கிளர்ச்சிக் கைதிகள் குடியமர்ந்த தெற்கு அந்தமானில் மஞ்சேரி, திரூர், காலிகட் என்ற பெயர்கள் இன்றும் இருக்கின்றன. மாயாபந்தர் அருகே வெபி, 1925இல் பர்மாவிலிருந்து வந்த கரென் மக்களின் ஊர். ராஞ்சிப் பகுதியிலிருந்து காட்டு வேலைக்கு அழைத்துவரப்பட்டவர்களின் வழியினரும் உண்டு. ‘எங்கள் வீட்டார் எப்படி வந்தார்கள்?’ என்ற ஒரு கேள்வியை வகுப்பில் கேட்டாலே இந்தியாவின் பாதி வரைபடம் கரும்பலகையில் வந்துவிடும்.

தமிழ் மாணவருக்கு இந்தக் கேள்வி இன்னும் நெருக்கமானது. 2011 கணக்கெடுப்பில் தீவு மக்களில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினருக்குத் தாய்மொழி தமிழ். தமிழ்வழிப் பள்ளிகளும் அங்கு உள்ளன. நிக்கோபார் கூட்டத்தைச் சேர்ந்த கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் இலங்கையிலிருந்து திரும்பிய மலையகத் தமிழர் குடியமர்த்தப்பட்டனர். அப்படி ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறைக் கதையில் தேயிலையின் பொருளியல், 1948 இலங்கைக் குடியுரிமைச் சட்டம், 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், ரப்பரின் தாவரவியல், 2004இல் கச்சால் பட்ட பேரழிவு ஆகிய எல்லாம் இருக்கின்றன. பாட்டி சொன்னதைப் பேச்சுத்தமிழில் பதிவுசெய்து, எழுத்துத்தமிழில் மாற்றி எழுதினால் அதுவே தமிழ்ப் பாடத்தின் கட்டுரைப் பயிற்சி. முதலாம் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தியில் மாநக்கவாரம் என்று நிக்கோபார் குறிக்கப்படுவதைத் தமிழாசிரியரும் வரலாற்று ஆசிரியரும் சேர்ந்து நடத்தலாம்.

கார் நிக்கோபாரின் முஸ் கிராமத்தில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பள்ளி நடத்தியவரும் ஒரு தமிழரே. அவர் வேதப்பன் சாலமன். அவரிடம் படித்த ஜான் ரிச்சர்ட்சன் பின்னாளில் ஆயராகி, நிக்கோபாரி மொழி எழுத்திலும் நூலிலும் நிலைபெற உழைத்து, முதல் மக்களவையில் தீவுகளின் நியமன உறுப்பினராகவும் இருந்தார். தீவுகளின் கல்வி வரலாற்றைத் தமிழ்வழி மாணவருக்குச் சொல்லும்போது இந்த ஆசிரியர்–மாணவர் இணையிலிருந்து தொடங்குவது பொருத்தம்.

நேரம், மழை, காடு

இந்திய நேரம் 82½ பாகை கிழக்குத் தீர்க்கரேகையைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. தலைநகர் போர்ட் பிளேர், 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம், ஏறக்குறைய 92¾ பாகையில் இருக்கிறது. ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்றால் வேறுபாடு 41 நிமிடம். குளிர்காலத்தில் மாலை ஐந்து மணி வாக்கிலேயே இருட்டிவிடுவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்குத் தீர்க்கரேகைப் பாடம் வாழ்க்கைப் பாடம்.

ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊரில் கோடையில் குடிநீருக்குத் தட்டுப்பாடு வருவதும் அப்படித்தான். 50 சதுர மீட்டர் கூரையில் அந்த மழை 1,50,000 லிட்டர். அது எங்கே போகிறது என்ற கேள்வி, ஊருக்குக் குடிநீர் தரும் தனிக்காரி அணையையும் நகராட்சியையும் நோக்கி மாணவரை அழைத்துச் செல்லும்.

2023-24 பாடத்திட்டத்தில் சி.பி.எஸ்.இ. 9ஆம் வகுப்புக்கு ஒரு பல்துறைச் செயல்திட்டம் வைத்தது. காலனிய ஆட்சியும் காட்டுச் சமூகமும் என்ற வரலாற்றுப் பாடத்தை இயற்கைத் தாவரங்கள் பற்றிய புவியியல் பாடத்தோடு சேர்த்துச் செய்வது அது. அந்த வரலாற்றுப் பாடம் பஸ்தரையும் ஜாவாவையும் எடுத்துக்காட்டாகக் கொண்டது. தீவு மாணவருக்கோ 1883இல் தொடங்கிய சாத்தம் மரஅறுவை ஆலையும், படாக் மரமும், நிலப்பரப்பில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் நிற்கும் காடும் கண்ணெதிரே உள்ளன. பஸ்தரைப் படிக்கட்டும், சாத்தத்தைப் போய்ப் பார்க்கட்டும்.

எச்சரிக்கை தேவைப்படும் இடம்

ஜாரவா, சென்டினல், ஓங்கே, ஷொம்பென், கிரேட் அந்தமானியர் ஆகிய பழங்குடியினர் பற்றிய பாடங்களில் ஒருங்கிணைப்பு தவறான வழியில் போகும் ஆபத்து பெரிது. முகத்தில் வண்ணம் பூசி வேடமிட்டு ஆடுவதைக் ‘கலை ஒருங்கிணைப்பு’ என்று மதிப்பெண் போடுவது அந்த மக்களை அவமதிப்பது. இவர்களுக்கு 1956 முதல் தனிப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அந்தமான் நெடுஞ்சாலை ஜாரவா காப்பகத்தின் ஊடே செல்வதும், 2002இல் உச்ச நீதிமன்றம் அதன் ஒரு பகுதியை மூட ஆணையிட்டதும் பொதுப் பதிவில் உள்ளன. சாலை வேண்டுவோர், காட்டில் வாழ்வோர், நோய்த்தொற்றின் அறிவியல், நீதிமன்றத்தின் ஆணை ஆகியவற்றை வைத்து வாதிடச் செய்வதே மாணவருக்குத் தகுந்த பணி. 2010இல் கிரேட் அந்தமானியரான போவா சீனியர் மறைந்தபோது ‘போ’ மொழியைப் பேச எவரும் மிஞ்சவில்லை. மொழி வகுப்பு இதைப் பேசாமல் வேறு எதைப் பேசும்?

தடைகள்

பெரிய தடை தேர்வு. 10ஆம் வகுப்புச் சமூக அறிவியல் வினாத்தாளின் 80 மதிப்பெண் நான்கு துறைகளுக்கும் இருபது இருபதாகப் பிரிகிறது. ஒருங்கிணைந்த பணிக்கு இடம் இருப்பது 20 மதிப்பெண் உள்மதிப்பீட்டில் மட்டுமே. ஆசிரியர் பெரும்பாலும் ஒரு துறையில் பட்டம் பெற்றவர். இணைத்தே தீரவேண்டும் என்று எல்லாப் பாடத்தையும் இழுத்து இணைப்பதும் தீங்கு. சான்றை எடைபோடும் வரலாற்று முறையும், அளந்து சரிபார்க்கும் அறிவியல் முறையும் அப்போது நீர்த்துப்போகும். கேள்வி கேட்கிற இடத்தில் மட்டும் பிற பாடத்தை அழைப்பதே சரி.

இதற்கெல்லாம் வேண்டியது புதிய கொள்கை அன்று. போர்ட் பிளேரிலுள்ள மாநிலக் கல்வி நிறுவனமும் தாகூர் அரசு கல்வியியல் கல்லூரியும் சிப்பிகாட், சாத்தம், வெபி, கச்சால் போன்ற இடங்களைப் பற்றிய சிறு கையேடுகளைத் தமிழ், வங்காளம், தெலுங்கு, இந்தி, நிக்கோபாரி ஆகிய மொழிகளில் எழுதி ஆசிரியர் கையில் கொடுக்கவேண்டும். ஆழிப்பேரலையைக் கண்ட தலைமுறை இன்னும் நம்மோடு இருக்கிறது. அவர்கள் சொல்வதை மாணவர் எழுதிக்கொள்ளும் வேலையை இந்தக் கல்வியாண்டிலேயே தொடங்குங்கள்.