தூரத்தைக் கிலோமீற்றரால் மட்டும் அளக்க முடியாது

2021 நவம்பர் 23ஆம் திகதி காலை, கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் படகுப் பாதை கவிழ்ந்து பாடசாலை மாணவர்கள் உட்படப் பலர் உயிரிழந்தனர். பாலத்தின் நிர்மாணப் பணி நடைபெற்றுக்கொண்டிருந்ததால் மக்கள் அதிலேயே பயணிக்க வேண்டியிருந்தது. அக்கரை கண்ணுக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. பாதுகாப்பாகச் சென்றடையும் வழிதான் இருக்கவில்லை.

அபிவிருத்தியடைந்து வரும் நாடுகளில் அடிப்படைச் சேவைகளின் பிரச்சினையை விளங்கிக்கொள்ள இந்த வேறுபாடு முக்கியமானது. வரைபடத்தில் தெரியும் தூரம் ஒன்று. பயண நேரம், செலவு, பருவகாலம் ஆகியவை தீர்மானிக்கும் தூரம் வேறொன்று.

சர்வதேச அளவுகோல்களும் இதையே கவனிக்கின்றன. கிராமிய மக்களில் எத்தனை பேர் எல்லாப் பருவத்திலும் பயன்படுத்தக்கூடிய வீதியிலிருந்து 2 கிலோமீற்றருக்குள் வாழ்கிறார்கள் என்பது நிலைபேறான அபிவிருத்தி இலக்குகளில் ஒரு குறிகாட்டி. குடிநீருக்காகச் சென்று, வரிசையில் நின்று, திரும்பிவர 30 நிமிடங்களுக்கு மேல் எடுத்தால், அந்நீர் பாதுகாக்கப்பட்ட மூலத்திலிருந்து வந்தாலும் 'அடிப்படைச் சேவை'யாகக் கணிக்கப்படுவதில்லை. அவசர சத்திரசிகிச்சை வசதி 2 மணித்தியாலங்களுக்குள் கிடைக்க வேண்டும் என 2015இல் லான்செட் ஆணைக்குழு பரிந்துரைத்தது.

தாய் மரணங்களை ஆராய்ந்த தாடியஸ், மெய்ன் ஆகியோர் 1994இல் 'மூன்று தாமதங்கள்' என்ற விளக்கத்தை முன்வைத்தனர். சிகிச்சை பெறத் தீர்மானிப்பதில் தாமதம், வைத்தியசாலையைச் சென்றடைவதில் தாமதம், சென்ற பின் உரிய சிகிச்சை கிடைப்பதில் தாமதம். இரண்டாவது தாமதம் முதலாவதையும் வளர்க்கிறது. வாகனக் கூலியையும் பாதையையும் நினைத்து, "விடியட்டும், பார்ப்போம்" என்று குடும்பம் காத்திருக்கிறது.

தீர்வு இரு வழிகளில் அமையலாம். ஒன்று, மக்கள் சேவையை அடைய வழி செய்வது. 2009இல் திறக்கப்பட்ட 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் இதற்கு நல்ல உதாரணம். மற்றது, சேவையையே மக்களிடம் கொண்டு செல்வது. பங்களாதேஷில் வெள்ளம் சூழும் கிராமங்களுக்குப் படகுப் பாடசாலைகள் செல்கின்றன. றுவண்டாவில் 2016 முதல் தூர வைத்தியசாலைகளுக்கு ட்ரோன் மூலம் இரத்தம் அனுப்பப்படுகிறது. எமது நாட்டில் வீடு தேடி வரும் குடும்பநல உத்தியோகத்தரின் சேவையும் இவ்வகையே.

கட்டடம் இருந்தால் மட்டும் போதாது. கஷ்டப் பிரதேசப் பாடசாலையொன்றில் விஞ்ஞான ஆசிரியர் இடமாற்றம் பெற்றுச் சென்று, பதிலுக்கு எவரும் வராவிட்டால், அப்பிள்ளைகளுக்கு விஞ்ஞானக் கல்வி அடுத்த நகரத்தில்தான் இருக்கிறது.

ஆகவே, எமது பள்ளிவாசல் நிர்வாகங்களும் கிராம அபிவிருத்திச் சங்கங்களும் "வீதி தேவை" என்று மகஜர் கொடுப்பதோடு நின்றுவிடக்கூடாது. வைத்தியசாலையை அடைய எவ்வளவு நேரம், மாரியில் எத்தனை நாள் பாதை துண்டிக்கப்படுகிறது, எத்தனை பிள்ளைகள் பாடசாலைக்குச் செல்வதில்லை என்பதைப் பதிவு செய்து, பிரதேச ஒருங்கிணைப்புக் குழுவிடம் முன்வைக்க வேண்டும். வெறும் கோரிக்கையைத் தள்ளிவைப்பது அதிகாரிகளுக்கு இலகு. கணக்கோடு வரும் கோரிக்கைக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.