காற்றாடிமலை கேட்கும் கேள்வி



வடசேரி பேருந்து நிலையத்தில் திருநெல்வேலி பஸ் ஏறுகிறவர்கள் சிறிது நேரத்திலேயே ஆரல்வாய்மொழியைக் கடந்துவிடுவார்கள். அங்கே காற்றாலைகளைப் பார்க்கிறோம். பக்கத்தில் உள்ள காற்றாடிமலையைப் பார்த்து ஒருமுறை சிலுவை அடையாளமும் வரைந்துகொள்கிறோம். அந்த மலையில்தான் 1752-ஆம் ஆண்டு ஜனவரி 14 அன்று மறைசாட்சி தேவசகாயம் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் ஒரு அரசாங்க அதிகாரி என்பதை மட்டும் நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

1712-இல் நட்டாலத்தில் பிறந்த நீலகண்டன், திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் பத்மநாபபுரம் அரண்மனையில் காரியக்காரர். செல்வாக்கும் குலப்பெருமையும் உடையவர். 1741-இல் குளச்சல் போரில் தோற்றுப் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய், பிறகு மன்னரின் படைக்கே பயிற்சி அளித்தார். குடும்பத்தில் அடுக்கடுக்காக இழப்புகள் வந்து கலங்கி நின்ற நீலகண்டனுக்கு, இந்த டிலனாய்தான் யோபுவின் கதையைச் சொன்னார். 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் நீலகண்டன் திருமுழுக்குப் பெற்றார். லாசர் என்ற பெயர் தமிழில் தேவசகாயம் ஆயிற்று.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. டிலனாயும் கிறிஸ்தவர்தானே? அவர் கடைசிவரை மன்னரின் படைத்தளபதியாக மதிப்போடு வாழ்ந்தார். உதயகிரிக் கோட்டையில் இன்றும் அவரது கல்லறை இருக்கிறது. அப்படியானால் தேவசகாயத்துக்கு மட்டும் ஏன் விலங்கு?

அந்நியர் ஒருவர் கிறிஸ்தவராக இருப்பதை அன்றைய சமூகம் பொறுத்துக்கொண்டது. உயர்குடியில் பிறந்த உள்ளூர் அதிகாரி ஒருவர் மதம் மாறியதோடு நில்லாமல், எல்லாச் சாதியாரும் சமம் என்று சொல்லி, தாழ்த்தப்பட்டவர்களோடு கலந்து பழகியதை அதனால் பொறுக்க முடியவில்லை. 1749-இல் கைது செய்தார்கள். எருமைமேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோய் அவமானப்படுத்தினார்கள். மறுதலித்திருந்தால் பதவி திரும்பக் கிடைத்திருக்கலாம். அவர் மறுதலிக்கவில்லை.

அன்பானவர்களே, கதையை இங்கேயே முடித்துவிட்டால் குற்றவாளி அரண்மனை மட்டும்தான் என்று நாம் நிம்மதியாகத் தூங்கிவிடலாம். ஆனால் அவர் திருமுழுக்குப் பெற்ற அதே வடக்கன்குளத்தில், பிற்காலத்தில் நாமே கட்டிய கோவிலுக்குள் சாதிக்கு ஒரு பக்கமாக மக்களைப் பிரிக்கும் சுவர் எழுந்தது. பீடம் ஒன்று, நற்கருணை ஒன்று. ஆனால் இந்தப் பக்கத்தவர் அந்தப் பக்கத்தவரைப் பார்க்கக் கூடாதாம்! 1910-இல் திருச்சபை அதிகாரிகள் அந்தச் சுவரை அகற்றியபோது நன்றி சொன்னவர்களும் உண்டு, வழக்குப் போட்டவர்களும் உண்டு. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. சுவர் மறுபடி எழவில்லை.

நம் மாவட்டத்தின் பொதுவாழ்விலும் இந்தப் போராட்டம் நடந்தது. நாகர்கோவிலில் வழக்கறிஞராகப் பணி தொடங்கிய நேசமணி, நீதிமன்றத்தில் சாதிக்கொரு தண்ணீர்ப் பானை இருப்பதைக் கண்டு அவற்றை உடைத்து, எல்லாருக்கும் ஒரே பானை வைத்தார் என்று பெரியவர்கள் சொல்வார்கள். 1956 நவம்பர் 1 அன்று குமரி தமிழகத்தோடு இணைந்ததில் முன்னின்ற தலைவர் அவர். அவருடைய தலைமை மேடையில் தொடங்கவில்லை, அந்தப் பானையில் தொடங்கியது.

2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் தேவசகாயத்தைப் புனிதராக உயர்த்தினார். இந்தியப் பொதுநிலையினரில் முதல் புனிதர் இவர். அப்போது அவர் பெயரோடு ஒட்டியிருந்த சாதிப் பெயர் விடப்பட்டது. புனிதரின் பெயரிலிருந்து சாதி இறங்கிவிட்டது. நம் வீட்டுக் கல்யாணப் பேச்சிலிருந்து எப்போது இறங்கும்? வாக்குச்சாவடியில், "நம்ம ஆளு யாரு?" என்று கேட்பதை விட்டு, "நியாயமான ஆளு யாரு?" என்று எப்போது கேட்போம்? பங்குப் பேரவையிலும் ஊராட்சியிலும் பொறுப்பேற்கும் நம் பிள்ளைகள் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்?

பிலாத்துவும் அதிகாரிதான். உண்மை தெரிந்தும் கையைக் கழுவிப் பதவியைக் காத்துக்கொண்டான். தேவசகாயமும் அதிகாரிதான். பதவியை இழந்தார், மனச்சாட்சியைக் காத்துக்கொண்டார். அடுத்தமுறை கோட்டாறு பேராலயத்தில் அவருடைய கல்லறைமுன் முழங்காலிடும்போது, வேண்டுதலோடு இந்த ஒரு கேள்வியையும் நமக்குள் கேட்போம்: இந்த இருவரில் நான் யார் பக்கம்?

புனித தேவசகாயமே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். ஆமென்.