பிரான் ஓ'டூல்: சோதனைச் சாவடியில் ஓய்ந்த குரல்

அயர்லாந்தின் நடன மண்டபங்களில் பிரபல பாடல்களை இசைத்த குழுக்களை ஷோபாண்ட் என்பார்கள். அவற்றில் புகழ்பெற்ற மியாமி குழுவின் முன்னணிப் பாடகர் பிரான் ஓ'டூல். பிறே நகரைச் சேர்ந்தவர், கீபோர்ட்டும் வாசிப்பார். கத்தோலிக்கரும் புரட்டஸ்தாந்தினரும் சேர்ந்திருந்த குழு அது.

1975 ஜூலை 31 அதிகாலை, வட அயர்லாந்தின் பான்பிரிட்ஜில் பாடிவிட்டுத் திரும்பியவர்களை நியூறிக்கு அருகே இராணுவச் சீருடையினர் மறித்து, வீதியோரம் வரிசையாக நிற்கவைத்தார்கள். இதை வாசித்தபோது மேலே படிக்க எனக்குச் சற்று நேரம் பிடித்தது. அது போலிச் சோதனைச் சாவடி. மறித்தவர்கள் யூ.வி.எஃப். ஆயுததாரிகள், சிலர் பிரித்தானிய இராணுவத்தின் உள்ளூர்ப் படையணியிலும் இருந்தவர்கள். வாகனத்தில் அவர்கள் வைத்த குண்டு முன்கூட்டியே வெடித்தது. உடனே சுட்டார்கள். ஓ'டூலும் இரு சக கலைஞர்களும் கொல்லப்பட்டனர். அவருக்கு வயது 28.

படையணியோடு தொடர்புடைய மூவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. பிரித்தானியப் பாதுகாப்பு அமைச்சும் பொலிஸாரும் இழப்பீட்டுக்கு இணங்கியது 2021 டிசம்பரில். 46 ஆண்டுகள் கழித்து.